அப்பாயி எழுதிய பால் கணக்கு

கேள்வி: எங்கள் அப்பாயி சென்ற மாதம் 97 வயதில் காலமானார். எட்டுப் பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கியவர். அவர் நினைவாக ஒரு மலர் வெளியிடுகிறோம். தாத்தா தலைமையாசிரியர், பெரியப்பா வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. அப்பாயியோ வீட்டோடு இருந்து மாடு வளர்த்தவர். பிரபவ வருஷம் பிறந்தார் என்ற ஜாதகக் குறிப்பும், 1956 முதல் அவர் எழுதிவந்த பால் கணக்கு நோட்டுகளும்தான் டிரங்குப் பெட்டியில் கிடைத்தன. மலரை எப்படி நிரப்புவது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: நிரப்பாதீர்கள். நம் ஊர் நினைவு மலர்களைக் கெடுத்ததே இந்த நிரப்பும் வேலைதான். முதல் பக்கங்களில் அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், வங்கி மேலாளர். இறந்தவரை ஒருநாளும் பார்த்திராத இவர்கள் எல்லோரும் "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அடுத்து மகன்கள் வகித்த பதவிகள். அதற்கும் அடுத்து நகைக்கடை விளம்பரம். இதை இந்தப் பகுதியில் பலமுறை கண்டித்து, மலர்க் குழுத் தலைவர்கள் பலருக்கு ஆகாதவனாகியிருக்கிறேன். அந்தப் பகை அப்படியே இருக்கட்டும். மாலை போட்ட ஒரு படமும், "அன்பின் உருவம், பொறுமையின் சிகரம்" என்று நான்கு வரியும் தவிர அந்தத் தாயாரைப் பற்றி மலரில் எதுவுமே இருக்காது. சிகரத்துக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும், யார்மீது கோபம் வரும், எந்த மாட்டிடம் உதை வாங்கியது என்று ஒருவரும் எழுதுவதில்லை.

உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். பால் கணக்கு நோட்டுகள் இருக்கின்றன என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. 1956-இல் தொடங்கிய நோட்டு என்றால் அதில் 1957 ஏப்ரல் மாதம் இருக்கும். உடனே அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. அணாவுக்குச் சரியான கணக்கு ஆறேகால் நயா பைசா. ஆனால் கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஆகவே ஓர் அணாவுக்கு ஆறு, இரண்டு அணாவுக்குப் பன்னிரண்டு, மூன்று அணாவுக்குப் பத்தொன்பது என்று அரசாங்கம் அட்டவணை போட்டுக் கொடுத்தது. பழைய காசும் புதுக் காசும் சில ஆண்டுகள் ஒன்றாகவே புழங்கின. அந்தக் குழப்பத்தில் உழக்குப் பாலுக்கு என்ன விலை வைப்பது, மூன்று அணா பாக்கி வைத்தவரிடம் எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்தவர், இடுப்பில் பிள்ளையோடு நின்ற முப்பது வயதுப் பெண். அந்தக் கணக்கு பழகிய சூட்டோடு, 1960-களின் தொடக்கத்தில் லிட்டர் வந்தது. ஆழாக்கு, உழக்கு, படி எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டும். படியாவது ஒரே அளவா என்றால், அது ஊருக்கு ஊர் வேறு. இத்தனையையும் சமாளித்தவருக்கு நீங்கள் கொடுக்கும் பெயர் "வீட்டோடு இருந்தவர்"!

நோட்டை இன்னும் புரட்டுங்கள். மாடு கன்று ஈன்ற தேதி, பால் வற்றிய மாதம், யார் வீட்டில் எத்தனை மாதப் பாக்கி நின்றது, யாருடைய பாக்கியை அடித்துவிட்டார் – எல்லாம் இருக்கும். உங்கள் அத்தைகளோ சித்தப்பாக்களோ 1956-க்குப் பின் பிறந்திருந்தால் அந்தந்தத் தேதிகளைப் பாருங்கள். பேறுகால நாள்களில் கணக்கு நின்றதா, வேறு கையெழுத்து வந்ததா, அந்தக் கையெழுத்து எத்தனை நாள் நீடித்தது? 1977 நவம்பர் 12-ஆம் தேதிப் புயலில் தஞ்சை மாவட்டம் ஏராளமான ஆடுமாடுகளைப் பறிகொடுத்தது. அந்த வாரம் உங்கள் கொட்டிலில் எது மிஞ்சியது? பெரியப்பாவுக்குத் தெரியாவிட்டால் நோட்டைக் கேளுங்கள்.

வரவையும் கூட்டிப் பாருங்கள். அந்தக் காலத்து ஆசிரியர் சம்பளத்தில் எட்டுப் பிள்ளைகள் படித்துவிட முடியாது. பெரியப்பா வட்டாட்சியரானதில் எத்தனை படி பால் இருக்கிறது என்பதை மலரில் அச்சிட வேண்டும். அவரே அதை எழுதினால் அதைவிடச் சிறந்த அஞ்சலி வேறில்லை.

இது உங்கள் வீட்டுக் குறை மட்டுமன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார், அதே வேலையில் கைவைக்கும் ஆண் 97 நிமிடம். ஐந்து மணி நேரம் உழைக்கிறவரை நாம் சும்மா இருப்பவர் என்கிறோம்.

அடுத்து ஒன்றைக் கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். உங்கள் கடிதத்தில் தாத்தாவின் பதவி இருக்கிறது, பெரியப்பாவின் பதவியும் இருக்கிறது. அப்பாயியின் பெயர் எங்கே? இரண்டு முறை படித்தும் கிடைக்கவில்லை. 1951-52 பொதுத்தேர்தலின்போது, ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்பதற்கு மேல் சொந்தப் பெயரைச் சொல்லாததால் அவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கினார் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். பெரும்பாலோர் வடமாநிலத்துப் பெண்கள். சென் செய்தது அன்று கடுமையாகத் தெரிந்திருக்கலாம். பெயரில்லாமல் ஒரு குடிமகள் இருக்கக் கூடாது என்று அவர் பிடித்த பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். மலரின் அட்டையில் அப்பாயியின் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். தாத்தாவின் பெயர் உள்ளே வரட்டும்.

பிரபவ என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? அது 1927-28. அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து 1987-இல் மறுபடி பிரபவ வந்தது. தாத்தாவுக்கு அறுபது நிறைந்தபோது மணிவிழா நடந்திருக்கும், அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து தாலி கட்டிக்கொண்டிருப்பார், அந்தப் படம் கூடத்தில் மாட்டியிருக்கும். அப்பாயிக்கே அறுபது நிறைந்த நாளில் என்ன நடந்தது? நம் குடும்பங்களில் பெண்ணின் அறுபதுக்குப் பந்தல் போடும் வழக்கம் இல்லை. அன்று காலையும் அவர் பால் கறந்திருப்பார். 1987-ஆம் ஆண்டு நோட்டு இருந்தால் அந்தத் தேதிப் பக்கத்தை மலரின் நடுப்பக்கமாக வையுங்கள்.

கடைசியாக அச்சு வேலை பற்றி. எதையும் கணினியில் அடித்துப் போடாதீர்கள், பக்கங்களைப் படமெடுத்து அப்படியே அச்சிடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, றா அதில் பழைய வடிவத்தில் இருக்கும். அவர் கை அதற்குப் பின்னும் பழைய வடிவத்தையே எழுதிக்கொண்டிருந்தால் ஆச்சரியமில்லை. பிழை திருத்துகிறேன் என்று யாராவது சிவப்புப் பேனாவோடு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நோட்டுகளைப் பாதுகாக்கிறோம் என்று லேமினேஷன் மட்டும் செய்துவிட வேண்டாம். பழைய தாளுக்கு அதைவிடக் கேடு கிடையாது. ஈரம் படாத இடத்தில், பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். 1957 ஏப்ரல் பக்கத்தின் நகல் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டேன்.