நூலக நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் தெரியவருகிறதா?

கேள்வி: நாங்கள் இருப்பது ஒரு சிறிய பேரூராட்சி. பக்கத்துத் தெருவில் கிளை நூலகம் உண்டு. நாளிதழ் படிக்க வருகிறவர்களைத் தவிர அங்கே யாரையும் பார்த்ததில்லை. மகளுக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கு எழுபது, படிக்க ஆசைப்படுகிறார், ஆனால் பொடி எழுத்து தெரிவதில்லை. நூலகத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளை மறுநாள் செய்தித்தாளில் படமாகப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? இருவருக்கும் என்ன படிக்கக் கொடுக்கலாம்?

பதில்: முதலில் உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. 1948-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டமும் அதுவே. ஆக, உள்ளே போகாமலே நீங்கள் வருடா வருடம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கேட்டுப் பெற எந்தத் தயக்கமும் வேண்டாம்.

நாளிதழ் மேசை வாசலருகே இருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மட்டும்தான் கண்ணில் படும். இரவல் கொடுக்கும் அலமாரிகள் உள்ளே இருக்கும். உறுப்பினரானால் புத்தகங்களை வீட்டுக்கே எடுத்துவரலாம். காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா இரண்டும் சிறு தொகைதான். முகவரிச் சான்றும் புகைப்படமும் கையோடு கொண்டுபோங்கள். மூன்று பேருக்கும் தனித்தனி அட்டை வாங்குவது நல்லது, முக்கியமாக மகளுக்கு. தன் பெயரில் அட்டை இருக்கும் குழந்தை தானே புத்தகம் தேர்ந்தெடுக்கும். பெரியவர்கள் அட்டையில் எடுத்தால் பெரியவர்கள் தேர்ந்தெடுத்ததுதான் வீட்டுக்கு வரும்.

அப்புறம் நிகழ்ச்சிகள். பெரிய விளம்பரம் செய்யக் கிளை நூலகத்திடம் பணமும் கிடையாது, ஆளும் கிடையாது. அறிவிப்பு முதலில் வாசலில் உள்ள பலகைக்கு வரும், அல்லது வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு. செய்தித்தாளுக்குப் போவது விருந்தினர் படம் எடுத்த பிறகுதான். எனவே வாசகர் வட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். நூலகரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்துச் சேர்க்கச் சொன்னால் போதும். உங்கள் ஊரில் வட்டம் செயல்படவில்லை என்றால் நான்கைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். கூட்டம் வருமா என்ற பயம்தான் பல நூலகர்களைத் தடுக்கிறது. மாவட்ட மைய நூலகத்தின் குழு இருந்தால் அதிலும் சேருங்கள். நல்ல நிகழ்ச்சிகள் அங்கேதான் அதிகம்.

ஆண்டுக்கு மூன்று தேதிகள் மாறாதவை: ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், ஆகஸ்ட் 12 நூலகர் நாள், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். ஆகஸ்ட் 12, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுவது. மேலே சொன்ன சட்டத்துக்காகப் பாடுபட்டவர் அவர். இந்த நாட்களுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே நூலகரிடம் போய் "இந்த வருஷம் என்ன சார் நடக்கப்போகிறது?" என்று கேட்டுவிடுங்கள். பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி என்றால் பெயர் கொடுக்கவும் நேரம் இருக்கும். கோடை விடுமுறைப் பயிற்சி முகாம் என்றால் ஏப்ரல் தொடக்கத்திலேயே விசாரிக்க வேண்டும்.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்கிறேன். நூலக நிகழ்ச்சிகளில் கணிசமானவை மேடை, பொன்னாடை, வாழ்த்துரை வகை. ஒன்பது வயதுக் குழந்தையை அங்கே இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் அடுத்த முறை நூலகம் என்றாலே ஓடிவிடும். கதை சொல்லல், காகித மடிப்பு, பொம்மலாட்டம், எளிய அறிவியல் சோதனை என்று குழந்தையின் கைக்கோ வாய்க்கோ வேலை இருக்கிற நிகழ்ச்சியா என்று கேட்டுவிட்டு அழைத்துப் போங்கள். பெரியவர்களுக்கான உரைகளைக் கேட்கப் பயணம் போக வேண்டியதில்லை. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் 'பொன்மாலைப் பொழுது' உரைகள் யூடியூபில் கிடைக்கின்றன. அம்மா வீட்டிலிருந்தே கேட்கலாம்.

சென்னைக்குப் போகும் வேலை இருந்தால் கோட்டூர்புரத்தில் உள்ள அந்த நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கு மகளை அழைத்துப் போங்கள். மதுரை பக்கம் என்றால் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டிலும் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் வாராவாரம் போகக்கூடியது உங்கள் தெரு நூலகம்தான், கவனம் அங்கே இருக்கட்டும்.

இனி அம்மா. கண் பார்வை குறைந்தவர்களுக்குப் பெரிய எழுத்து நூல்கள் தமிழில் குறைவு. இங்கேதான் அலைபேசி அல்லது டேப்லெட் உதவும். ஆனால் மின்னூல்களில் இரண்டு வகை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு இறக்குங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் பழைய புத்தகப் பக்கங்களை அப்படியே ஸ்கேன் செய்தவை. பெரிதாக்கினால் பக்கம் திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டும். எழுபது வயதில் அந்தப் பொறுமை யாருக்கும் இருக்காது. மதுரைத் திட்டம் 1998 முதல் செய்துவருவது தட்டச்சு செய்த பிரதிகள். அவற்றை இணையப் பக்கமாகத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்குள் மடிந்து நிற்கும். அலைபேசியில் உள்ள உரக்க வாசிக்கும் வசதியும் இவற்றில் வேலை செய்யும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனம்தான், பழகிவிடும். பதிப்புரிமை முடிந்த நூல்களும் அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் இப்படிச் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை.

என்ன படிக்கலாம் என்றால், அம்மாவுக்கு நான் முதலில் சொல்வது உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942-ல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. வார இதழுக்காக எழுதியதால் அத்தியாயங்கள் சிறியவை. தினம் ஒன்று படித்தால் கண்ணுக்கும் வலி இல்லை.

மகளுக்கு ஒரு பட்டியல் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. பத்து புத்தகம் புரட்டி எட்டைத் திருப்பி வைக்கும் உரிமை அவளுக்கு வேண்டும். தொடக்கத்துக்கு மட்டும், நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பாலர் புத்தகாலய வரிசை இருக்கிறதா என்று கேளுங்கள்: மெல்லிய புத்தகங்கள், நிறையப் படங்கள். குறிப்புதவி (ரெஃபரன்ஸ்) பிரிவில் பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியம் இருந்தால் அங்கேயே உட்கார்ந்து புரட்டட்டும். பத்துத் தொகுதிகள், தகவல்கள் சில பழசாகிவிட்டன, ஆனால் தேடிப் பார்க்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்லது தமிழில் குறைவு. குறிப்புதவி நூல்களை இரவல் தரமாட்டார்கள் என்பதை அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அலமாரியில் தேடும்போது முதுகில் ஒட்டிய எண்ணைக் கவனியுங்கள். பொருள்வாரியாக எண் கொடுக்கும் தூயி தசம எண் முறையில் அடுக்கிய நூலகமாக இருந்தால் 894.811 தமிழ் இலக்கியம். அதன் கடைசியில் ஒரு 3 சேர்ந்து 894.8113 என்று இருந்தால் கதையும் நாவலும். 641.5 சமையல், 630 விவசாயம், 954.82 தமிழ்நாட்டு வரலாறு. நாலைந்து எண் மனதில் இருந்தால் நூலகர் வேறு வேலையாக இருக்கும்போதும் காத்திருக்க வேண்டாம்.

கேட்ட புத்தகம் இல்லையென்றால் "இல்லை" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். நூல் கொள்முதல் பெரும்பாலும் மாநில அளவில் முடிவாவதால் கிளை நூலகர் உடனே வாங்கித் தர முடியாது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். ஒரு நகலை மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள். மாவட்ட மைய நூலகத்தில் அது இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுச் சொல்லும்படியும் நூலகரிடம் கேட்கலாம். அச்சிலேயே இல்லாத பழைய புத்தகம் என்றால் சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் புத்தகங்களின் ஒரு பிரதியைப் பெறும் நான்கு நூலகங்களில் அது ஒன்று.

பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நடுப்பகலில் மூடியிருக்கவும் கூடும். அட்டை வாங்கப் போகும் முன் வாசலில் எழுதியிருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.