“தண்ணி ஊத்தினியா?”

கேள்வி: ஏற்காட்டில் அப்பா கட்டிய வீட்டை இரண்டு வருடமாகச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறேன். ஆறு மாதமாக பாத்ரூம் சுவர் முழுக்கக் குட்டிக் குட்டியாகப் பறக்கும் பூச்சி. மூன்று தடவை ஆள் வைத்து மருந்து அடித்தும் பத்து நாளில் திரும்ப வந்துவிடுகிறது. போன வாரம் வந்த குடும்பம் ராத்திரியே காலி செய்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறது. அம்மா இப்போது சேலத்தில் எங்களோடு இருக்கிறார். மலைப் பாதை வளைவுகள் ஒத்துக்கொள்ளாததால் அவரைக் கூட்டிப் போவதில்லை. அவர் புழங்கிய பின்கட்டு அறையும் பாத்ரூமும் பூட்டியே கிடக்கின்றன. நான் போய்விட்டு வரும்போதெல்லாம் “பின்னாடி தண்ணி ஊத்தினியா” என்று ஒரே புலம்பல், வயதாகிவிட்டது. எந்த மருந்து அடித்தால் இது ஒழியும்?

பதில்: தம்பி, பூச்சிக்கு வழி சொல்கிறேன். முதலில், அம்மா சொன்னதைப் புலம்பல் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம். உங்கள் கடிதத்தில் உருப்படியான ஒரே வரி அதுதான். மூன்று தடவை மருந்துக்காரருக்குப் பணம் கொடுத்தீர்கள், அவர் சொல்லாததை அம்மா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏன் ஊற்றணும் என்று ஒரு தடவையாவது திருப்பிக் கேட்டீர்களா?

நான் சொல்கிறேன். பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் ஜாலிக்குக் கீழே நஹானி ட்ராப் என்று கிண்ணம் போல ஒன்று இருக்கிறது. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். குழாய்க்குள்ளிருந்து நாற்றமும் பூச்சியும் மேலே ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். புழங்காமல் பூட்டிப் போட்டால் சில வாரத்தில் அது வற்றிவிடும், அப்புறம் சாக்கடைக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது. அதைத்தான் அம்மா மூன்றே வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தார். என் பெரியம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினால், செருப்பு போட்ட பிறகும் திரும்பப் போய் பாத்ரூம் மூலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வருவார். வீட்டோடு வாழ்ந்தவர்களுக்கு இதெல்லாம் கையிலேயே இருக்கும்.

சுவரில் உட்கார்ந்திருக்கும் ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். எள்ளளவுதான் இருக்கும், சாம்பல் நிறம், இறக்கையில் பொடி ரோமம், விட்டில்பூச்சியைச் சுருக்கி ஒட்டியது போல. விரட்டினால் இரண்டடி தள்ளிப் போய் மறுபடி உட்காரும். நசுக்கினால் டைல்ஸில் சாம்பல் தீற்றல் விழும். அப்படி இருந்தால் அது சாக்கடை ஈ. அதன் புழு வளர்வது குழாயின் உள்சுவரில் படிந்திருக்கும் வழவழப்புக்குள். நீங்கள் அடிக்கும் மருந்து பறப்பதை மட்டும் கொல்கிறது, உள்ளே இருப்பது ஒன்றிரண்டு வாரத்தில் இறக்கை முளைத்து வருகிறது. உங்கள் பத்து நாள் கணக்கு இதுதான். (அடுக்களையில் பழத்தையும் குப்பைக்கூடையையும் சுற்றுவது பழ ஈ, அது வேறு. விருந்தினர் கிளம்பிய அன்றே குப்பையை வெளியேற்றிக் கூடையைக் கழுவிவிட்டால் அது போய்விடும்.)

எந்த ஓட்டை என்று கண்டுபிடிக்க, ராத்திரி ஒவ்வொரு ஜாலி மேலும் செல்லோ டேப்பைப் பசைப் பக்கம் கீழே இருக்கும்படி, காற்றுப் போக இடைவெளி விட்டு ஒட்டுங்கள். காலையில் எதில் பூச்சி ஒட்டியிருக்கிறதோ அதுதான் இடம். பூட்டிய பாத்ரூமிலிருந்து தொடங்குங்கள். ஜாலியைக் கழற்றி, நீளக் கைப்பிடி பிரஷ்ஷை உள்ளே விட்டு அந்த வழவழப்பு பெயர்ந்து வரும்வரை தேய்க்க வேண்டும், அப்புறம் நல்ல சூடான தண்ணீர். பிவிசி குழாய் என்றால் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். வாரம் ஒரு தடவை, மூன்று நான்கு வாரம் விடாமல் செய்யுங்கள். ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் மட்டும் வேண்டவே வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் வருவது விஷவாயு, நாளைக்கு அந்த பாத்ரூமில் யாரோ பெற்ற குழந்தை குளிக்கப்போகிறது. தேய்த்து முடித்த பிறகு, வாரம் தவறாமல் ஒரு பக்கெட் தண்ணீர். ஆள் வராத மாதங்களில் அதன்மேல் இரண்டு ஸ்பூன் குளிரில் உறையாத சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

அந்தக் குடும்பத்துக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். காசு வாங்கினாலும் நம் வீட்டுக்கு வந்தவர்கள் விருந்தாளிகள், பிள்ளைகளோடு ராத்திரியில் கிளம்பிப் போயிருக்கிறார்கள்.

வளைவு ஒத்துக்கொள்ளாதாம். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளும் அம்மா அங்கே குடியிருந்த காலத்திலும் இருந்தவைதானே? புருஷன் கட்டிய வீட்டில் ஊர் பேர் தெரியாதவர்கள் தங்கலாம், அவர் மட்டும் சேலத்து ஃபிளாட்டில் உட்கார்ந்து நீங்கள் வரும்போதெல்லாம் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டுமா? அவர் விசாரிப்பது பாத்ரூமை மட்டும்தான் என்று நிஜமாகவே நினைக்கிறீர்களா? எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. வாடகைக்கு விடுவதைத் தப்பென்று சொல்லவில்லை, பெற்றவளின் அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, அவர் பேச்சுக்கு வயதைக் காரணம் காட்டுகிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

இந்தச் சனி, ஞாயிறு யாருக்கும் வாடகைக்கு விடாதீர்கள். காலையில் வெறும் வயிற்றோடு இல்லாமல் இரண்டு இட்லி கொடுத்து, முன்சீட்டில் உட்காரவைத்து, வளைவுக்கு வளைவு நிதானமாக ஓட்டுங்கள். பின்கட்டுச் சாவியை அவர் கையில் கொடுங்கள். அவர் திறக்கட்டும், பக்கெட்டை நீங்கள் தூக்குங்கள்.