மூன்று கல் இருந்தால் அடுப்பா?
(தொல்லியல் கேள்வி – பதில்)

கேள்வி: வயலில் பள்ளம் வெட்டியபோது மூன்று கற்களும் நடுவே கருப்பு மண்ணும் தெரிந்தன. கற்கால அடுப்பாக இருக்குமா?
– வாசகர், திண்டுக்கல்

மூன்று கல்லும் கரியும் போதுமென்றால், போன வருஷத்துப் பொங்கலும் கற்காலம்தான்! கருப்பு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மட்கிய வேரும் மண்ணைக் கருப்பாக்கும், மாங்கனீசும் ஆக்கும். நான் முதலில் பார்ப்பது கருப்புக்கு அடியில் உள்ள மண்ணை. நெருப்பு அந்த இடத்திலேயே எரிந்திருந்தால், மண்ணிலுள்ள இரும்பு சூடேறிச் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செங்கல் நிறம் பிடித்திருக்கும். கற்களின் உள்பக்கம் சிவந்தோ விரிசல் விட்டோ இருக்கும். இரும்புச் சத்து குறைந்த மண்ணில் இந்தச் சிவப்பு வராமலும் போகலாம்.

இதெல்லாம் இருந்தாலும் வயது தெரிந்துவிடாது. அதே மட்டத்தில் கிடப்பது கல் கருவியா, கண்ணாடி வளையல் துண்டா என்று பார்க்க வேண்டும். வெட்டுவதை நிறுத்திவிட்டுப் படம் எடுத்து, அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். கரித்துண்டைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மட்டும் போகாதீர்கள். இடம் தெரியாத கரியைத் தேதி பார்த்துப் பயனில்லை.

கேள்வி: அகழாய்வைப் பார்க்கப் போயிருந்தோம். ஓர் அடுப்பைச் சுற்றி நாள் கணக்கில் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. ஏன் இவ்வளவு மெதுவாக?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

எடுத்துவிட்டால் திருப்பி வைக்க முடியாதே, அம்மா. அடுப்பின் நடுவே நூல் கட்டி, ஒரு பாதியை மட்டும் முதலில் இறக்குவோம். நிற்கும் பாதியின் முகத்தில் அடுக்குகள் தெரியும். ஒரே தடவை எரித்த நெருப்பா, சாம்பலை வாரிப்போட்டு மறுபடி மறுபடி மூட்டியதா என்பதை அங்கேதான் படிக்கலாம். அதை வரைந்து முடித்த பிறகே மறுபாதி.

ஆனால் அடுப்பைவிட அதைச் சுற்றிக் கிடக்கும் குப்பைதான் அதிகம் பேசும். பாரிசுக்குத் தென்கிழக்கே, சேன் ஆற்றங்கரையில் பின்ஸ்வான் என்று ஓரிடம். 1964இல் ஒரு மணல் குவாரியில் வெளிப்பட்டது. பழைய கற்காலத்தின் கடைசிக் கட்டத்தில் பனிமான் வேட்டையாடிகள் தங்கிய இடம். வெள்ளம் மெல்லிய வண்டலைப் போர்த்திவிட்டுப் போனதால், போட்டது போட்டபடி கிடந்தது. அங்கே அகழ்ந்த பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஆந்த்ரே லெருவா-குரான் ஆழக் குழி வெட்டவில்லை. அகலமாகத் தரையைத் திறந்து, எலும்பு, கல் சில்லு எல்லாவற்றையும் கிடந்த இடத்திலேயே விட்டு, தரை முழுவதையும் வார்ப்பு அச்சாக எடுத்தார். மூன்று அடுப்புகளைப் பார்த்து, ஒட்டி நின்ற மூன்று கூடாரங்கள் என்றார்.

பிற்பாடு அமெரிக்கத் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்டு இதை மறுத்தார். அவர் அலாஸ்காவில் நுனமியுட் வேட்டைக்காரர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்வதைக் கூடவே இருந்து கவனித்தவர். எலும்புத் துணுக்கு காலடியிலேயே விழும், பெரிய எலும்பை முதுகுக்குப் பின்னால் எறிவார்கள். காற்று திரும்பிப் புகை முகத்தில் அடித்தால் ஆளும் திரும்பி உட்கார்ந்து பக்கத்தில் புது நெருப்பு மூட்டுவார். பின்ஸ்வானில் இரண்டு அடுப்புகள் அப்படி வந்தவை, கூடாரமே இல்லை என்பது அவர் வாதம். எனக்கு அவர் பக்கம்தான் சாய்வு. வீட்டுக்குள் உட்கார்ந்து யாரும் எலும்பை முதுகுக்குப் பின்னால் எறிய மாட்டார்கள். ஒவ்வொரு சில்லும் கிடந்த இடம் பதிவாகியிருந்ததால்தான் இந்தச் சண்டையே சாத்தியமானது. நீங்கள் பார்த்த அந்தப் பிரஷ் வேலை இதற்காகத்தான்.

கேள்வி: கரியை வைத்து எவ்வளவு பழைய அடுப்புக்கும் வயது சொல்லலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

சுமார் 50,000 ஆண்டு வரைதான். கரியிலுள்ள கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 ஒவ்வொரு 5,730 ஆண்டுக்கும் பாதியாகிக் குறைவதால், அதற்குமேல் அளக்க ஒன்றும் மிஞ்சாது. அப்போது சுட்ட சக்கிமுக்கிக் கல்லைப் பிடிப்போம். கடைசியாகச் சுட்ட நாளிலிருந்து அதில் சேர்ந்த கதிர்வீச்சை வெப்ப ஒளிர்வு முறையில், அதாவது கல்லை மறுபடி சூடாக்கி அது விடும் ஒளியை அளந்து, கணக்கிடலாம்.

கேள்வி: உலகின் மிகப் பழைய அடுப்பு எது?
– வாசகி, கோவை

சீனாவின் சௌகௌடியன் குகை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 1998இல் அங்கே சாம்பல் என்று நினைத்திருந்த கருப்பு அடுக்கைச் சோதித்தபோது சாம்பல் இல்லை, நீர் கொண்டுவந்த வண்டல் என்று தெரிந்தது. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில், வாசலிலிருந்து சுமார் 30 மீட்டர் உள்ளே, 10 லட்சம் ஆண்டுப் பழைய சாம்பலும் சுட்ட எலும்பும் உண்டு. 2012இல் வெளியிட்டார்கள். அது நெருப்பு, அடுப்பு அல்ல. கல் வைத்துக் கட்டிய எதுவும் அங்கே இல்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மூட்டிய அடுப்பு வேண்டுமென்றால் இஸ்ரேலின் கெசெம் குகையைச் சொல்வேன். சுமார் 3 லட்சம் ஆண்டு.