அப்பா பேர்ல இருக்கிற வீட்டை பிள்ளைங்க விக்கலாமா? தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு அக்கா கேட்ட கேள்வி

அக்கா கேட்டது சுருக்கமா இதுதான். அப்பா 2016ல தவறிட்டாங்க, அம்மா போன வருசம். வீடு இன்னும் அப்பா பேர்லயே இருக்கு, பின்னாடி ஒரு அவுட்பில்டிங்கும் இருக்கு. பிள்ளைங்க நாலு பேர், அண்ணன் ஜோபர்க்ல, ஒரு தங்கச்சி மெல்போர்ன்ல, தம்பி இங்க டர்பன் ஃபீனிக்ஸ்ல, அக்கா மட்டும் அந்த வீட்லயே இருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரர் 900,000 ரேண்ட் தரேன்றார். "லாயர்லாம் எதுக்கு, ஒரு பேப்பர்ல கையெழுத்து போடுங்க, பாதி கேஷ் இப்பவே, நான் அடுத்த மாசம் குடி வந்துடறேன்"னு சொல்றாராம். வாங்கலாமா? அப்புறம் முற்றத்துல இருக்கிற மாரியம்மன் கோயிலை என்ன பண்றது?

அக்கா, கேஷை வாங்காதீங்க. அவர் கெட்டவர்னு நான் சொல்லல, நல்ல மனுசனாவே இருக்கட்டும், ஆனா விக்கிற உரிமை இன்னைக்கு தேதிக்கு உங்க நாலு பேர்ல ஒருத்தருக்கும் கிடையாது. அப்பா இறந்த அன்னைக்கே வீடு அவரோட எஸ்டேட்டுக்குள்ள, அதாவது அவர் விட்டுட்டுப் போன சொத்து கடன் கணக்குக்குள்ள போயிடுச்சு. இறந்தவங்க சொத்தை மேற்பார்க்கிற அரசாங்க ஆபீஸ், மாஸ்டர் ஆபீஸ்னு பேர், அந்த எஸ்டேட்டுக்கு யாரை எக்ஸிக்யூட்டரா, அதாவது சொத்தைத் தீத்து பிரிச்சு குடுக்கிற பொறுப்பாளரா போட்டு கடுதாசி குடுக்குதோ அவர்தான் விக்க முடியும். நான் டர்பன்ல ஒரு கன்வேயன்சர் (வீடு, நிலம் பேர் மாத்திப் பதியற லாயர்) ஆபீஸ்ல இருபது வருசத்துக்கு மேல ஃபைல் தூக்கினவன். விலை ஒத்து வராம நின்னுபோன வியாபாரத்தை விட, தாத்தா பேர், அப்பா பேர்னு பேப்பர் மாத்தாம விட்டு நின்னுபோனதுதான் நான் அதிகமா பாத்தது. நம்ம ஆளுங்க அறுபதுகள்ல, இந்த இனத்துக்கு இந்த ஏரியான்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்துல, கேட்டோ மேனர் மாதிரி இடத்தை விட்டு இங்க தள்ளப்பட்டு வந்தாங்க, கவுன்சில் வீட்டை அடிச்சு பிடிச்சு சொந்தமாக்கினாங்க, ஆனா சாவுக்கு அப்புறம் பேர் மாத்தணும்னா மட்டும் "பதினாறாம் நாள் முடியட்டும்"னு ஆரம்பிச்சு பத்து வருசம் போயிடும்.

முதல்ல டீட்ஸ் ஆபீஸ்ல (சொத்துப் பதிவு ஆபீஸ்) ஒரு சர்ச் போடுங்க. நம்ம க்வாஸுலு-நேட்டால் வீடுங்க எல்லாம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்லதான் பதிவாயிருக்கும். யார் வேணாலும் சின்ன ஃபீஸ் கட்டி பாக்கலாம். அப்பா பேர் மட்டும் இருக்கா, அம்மா பேரும் சேந்திருக்கா, பழைய பாண்ட் (வீட்டை அடமானம் வச்சு வாங்கின கடன்) ஏதாச்சும் நிக்குதான்னு தெரிஞ்சிடும். பாண்ட் பணம் முழுசா கட்டி முடிச்சிருந்தாக்கூட, முறையா கேன்சல் பண்ணலன்னா பதிவுல அது அப்படியே உக்காந்திருக்கும், நிறைய பேருக்கு இது தெரியாது. அப்புறம் அந்த ஒரிஜினல் டைட்டில் டீட், அதாவது வீட்டுப் பத்திரம், பித்தளைப் பெட்டியிலயோ அம்மா புடவைக்கு அடியிலயோ இருக்கும், தேடுங்க. இல்லாட்டி சர்டிஃபைட் காப்பிக்கு அப்ளை பண்ணணும், அதுக்குத் தனியா நேரம் போகும்.

இப்போ கஷ்டமான இடம். உங்களுக்கு ஒரு எஸ்டேட் இல்ல, ரெண்டு இருக்கு. அப்பா உயில் எழுதியிருந்தா அதுபடி. எழுதலன்னா 1987ம் வருசத்து வாரிசு சட்டப்படி மனைவிக்கு 250,000 ரேண்ட் இல்லன்னா ஒரு பிள்ளையோட பங்கு, ரெண்டுல எது பெருசோ அது, மீதி பிள்ளைங்களுக்கு. உங்க கணக்குல 900,000ஐ அம்மாவோட சேத்து அஞ்சா வகுத்தா 180,000தான் வருது, அதனால அம்மாவுக்கு 250,000, மீதி 650,000 நாலு பேருக்கு. (கடன், செலவு எல்லாம் கழிக்காம புரியறதுக்காகச் சொல்றேன்.) அம்மாவும் இப்ப இல்லாததால அவங்க பங்கு அவங்க எஸ்டேட் வழியா உங்களுக்கு வரும், அதையும் மாஸ்டர் ஆபீஸ்ல ரிப்போர்ட் பண்ணணும். அம்மா சொத்து மொத்தமும் 250,000க்கு மேல போகலன்னா அதுக்கு சின்ன நடைமுறைதான், எக்ஸிக்யூட்டர் கடுதாசிக்குப் பதிலா லெட்டர் ஆஃப் அத்தாரிட்டி போதும்.

கல்யாணம் ஹோம் அஃபேர்ஸ்ல பதிவாயிருக்கான்னும் பாருங்க. பதிவாகி, கல்யாணத்துக்கு முன்னாடி சொத்து பத்தி எழுதற ஆன்டிநப்ஷியல் ஒப்பந்தம் எதுவும் இல்லன்னா அது கம்யூனிட்டி ஆஃப் ப்ராப்பர்ட்டி, அதாவது வீட்ல பாதி ஆரம்பத்துல இருந்தே அம்மாவோடது, மேல சொன்ன கணக்கே மாறிடும். கோயில்ல தாலி கட்டினதோட சரி, பதிவே பண்ணலன்னா பயப்படாதீங்க. இந்து முறைப்படி ஒரே மனைவியோட வாழ்ந்த கல்யாணம்னா, உயில் இல்லாத சொத்துக்கு அவங்களும் மனைவிதான்னு டர்பன் ஹைகோர்ட் எப்பவோ சொல்லிடுச்சு.

எக்ஸிக்யூட்டரா நாலு பேரும் சேந்து ஒருத்தரை எழுத்துல சொல்லுங்க. வீட்ல இருக்கிற நீங்களே நிக்கிறது நல்லது, ஆனா அண்ணன் கிட்ட முதல்ல பேசிட்டு, இல்லன்னா "என்னைக் கேக்கவே இல்ல"ன்னு அங்கயே ஒரு சண்டை ஆரம்பிக்கும். சட்டப்படி எக்ஸிக்யூட்டர் கூலி மொத்த சொத்து மேல 3.5 சதவீதம், அதுல பேரம் பேசலாம். லாயரை ஏஜெண்டா வச்சா முன்னாடியே ரேட்டை எழுதி வாங்கிடுங்க. கடன்காரங்களுக்கு நோட்டீஸ் பேப்பர்ல போட்டு குறைஞ்சது 30 நாள், எஸ்டேட் கணக்கை எழுதி எல்லாரும் வந்து பாக்க விடறது 21 நாள், இதெல்லாம் குறைக்க முடியாது. மாஸ்டர் ஆபீஸ் க்யூ எவ்வளவுன்றது அவங்கவங்க ராசி.

கடுதாசி கைக்கு வந்ததும் எக்ஸிக்யூட்டர் வியாபாரம் பேசலாம், கணக்கெல்லாம் முடியற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. ஆனா வாரிசுங்க எல்லாரும் எழுத்துல சம்மதம் தரணும், மாஸ்டர் முத்திரையும் வேணும். மெல்போர்ன் தங்கச்சி கிட்ட எந்த ஃபார்ம், நோட்டரி முன்னாடி கையெழுத்தா, வெளிநாட்டுப் பத்திரத்துக்குப் போடற அப்பாஸ்டில் முத்திரையான்னு கன்வேயன்சர் கிட்ட கேட்டுட்டு அனுப்புங்க, தப்பா கையெழுத்து போட்டு ரெண்டு தடவை கூரியர்ல வந்து போன ஃபைலை நான் பாத்திருக்கேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன "ஒரு பேப்பர்" பத்தி. 1981ம் வருசத்து நிலவிற்பனை சட்டப்படி ரெண்டு தரப்பும் கையெழுத்து போட்ட எழுத்து ஒப்பந்தம் இல்லன்னா வியாபாரமே செல்லாது, எழுத்துல போட்டாலும் உரிமை இல்லாதவர் கையெழுத்து வீட்டை மாத்தாது. அப்புறம் பாதி கேஷ்ன்றாரே, பேப்பர்ல விலையை குறைச்சு காட்டறதுக்குத்தான்னா அது அவருக்கே பைத்தியக்காரத்தனம். 2025 ஏப்ரல்ல இருந்து 1,210,000 ரேண்ட் வரைக்கும் டிரான்ஸ்ஃபர் டியூட்டியே (வீடு வாங்கறவர் அரசாங்கத்துக்குக் கட்டற வரி) கிடையாது, 900,000க்கு பூஜ்யம்! எதுக்கு ஒளிக்கணும்? (1,400,000க்கு வாங்கினாகூட மிஞ்சின 190,000க்கு 3 சதவீதம், 5,700 ரேண்ட்தான், அதையும் வாங்கறவர்தான் கட்டணும்.) முன்கூட்டி குடி வர விடாதீங்க. வந்துட்டு பணம் தரலன்னா வெளிய அனுப்ப கோர்ட் ஆர்டர் வேணும். அவசரம்னா பதிவு ஆகற வரைக்கும் மாச வாடகை இவ்வளவுன்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க.

அட்வான்ஸ் பணம் கன்வேயன்சரோட டிரஸ்ட் அக்கவுண்ட்லதான் (அடுத்தவங்க பணத்தைத் தனியா வைக்கிற அக்கவுண்ட்) போகணும், கன்வேயன்சரை வழக்கமா விக்கிறவங்க தேர்ந்தெடுப்பாங்க, அவர் கூலியை வீடு வாங்கறவர் குடுப்பார். ஈமெயில்ல வர்ற அக்கவுண்ட் நம்பரை நம்பாதீங்க, ஆபீஸ் நம்பர் முன்னாடியே உங்க கிட்ட இருக்கணும், அதுக்கு போன் போட்டு நம்பரை வாசிச்சு காட்டச் சொல்லுங்க. வீடு வாங்கின ஒரு அம்மா இப்படி திருடன் மாத்தின ஈமெயிலை நம்பி 5.5 மில்லியன் ரேண்ட் அனுப்பிட்டாங்க, 2024ல மேல்முறையீட்டு கோர்ட் லா ஃபர்ம் பொறுப்பில்லன்னு சொல்லிடுச்சு.

இந்த மாஸ்டர் ஆபீஸ் வேலை நடக்கிறப்பவே நீங்க பண்ண வேண்டியது, பின்னாடி இருக்கிற அந்த அவுட்பில்டிங்குக்கு ப்ளான் பாஸ் ஆயிருக்கான்னு ஈதெக்வினி கவுன்சில்ல (டர்பன் நகராட்சி) பாக்கிறது. சாட்ஸ்வொர்த்ல ஒட்டு வீடு, மேல ரெண்டு ரூம், பின்னாடி வாடகை ரூம்னு கட்டாதவங்க யாரு, ப்ளான் வச்சவங்க யாரு. வூட்ஸ்டூட்ஸ், அதாவது "இருக்கிறபடியே"ன்னு எழுதினா தப்பிச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. ப்ளான் இல்லாததுக்கும் அந்த வார்த்தை பொருந்தும்னு 2008ல மேல்முறையீட்டு கோர்ட் சொன்னது நிஜம், ஆனா விக்கிறவருக்குத் தெரிஞ்சே மறைச்சிருந்தா பாதுகாப்பு போச்சு. உங்களுக்கு இப்ப தெரியும், எழுதிக் குடுத்துடுங்க. ஏஜெண்ட் வழியா வித்தா குறைகளைச் சொல்ற டிஸ்க்ளோஷர் ஃபார்ம் 2022 பிப்ரவரில இருந்து கட்டாயம்.

எலக்ட்ரிகல் சர்டிபிகேட் வேணும், ரெண்டு வருசத்துக்கு மேல பழசா இருக்கக்கூடாது, நடுவுல வயரிங் மாத்தியிருந்தா புதுசு எடுக்கணும். பூச்சி சர்டிபிகேட் சட்டத்துல இல்ல, ஆனா நம்ம கடலோரத்துல பழக்கமா ஒப்பந்தத்துல வரும். ரேட்ஸ் க்ளியரன்ஸ், அதாவது கவுன்சில் பாக்கி இல்லன்ற சர்டிபிகேட் இல்லாம டீட்ஸ் ஆபீஸ் பதியாது, கடைசி ரெண்டு வருச பாக்கியை கட்டினாத்தான் கவுன்சில் குடுக்கும். அதுக்கு முன்னாடி இருக்கிற பழைய பாக்கி உங்க தலையிலதான், புது ஓனர் மேல விழாதுன்னு 2017ல கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் சொல்லியிருக்கு.

கோயில் விஷயம். தரையோட சிமெண்ட் போட்டு கட்டினது எல்லாம் வீட்டோட சேந்து போயிடும், வேற மாதிரி எழுதலன்னா. அதனால ஒப்பந்தத்துல தனி வரியா, "முற்றத்து கோயில்ல இருக்கிற சிலை, சூலம், விளக்கு விற்பனையில் சேராது, பதிவுக்கு முன்னாடி விக்கிறவங்க எடுத்துக்கறாங்க"ன்னு போடுங்க. பக்கத்து வீட்டுக்காரரும் நம்ம ஆளுன்னா கோயிலை அப்படியே வச்சு விளக்கேத்தறேன்னு சொல்லலாம், அதையும் நம்பி விடாம எழுத்துல வாங்கிடுங்க, அவர் நாளைக்கு வேற யாருக்காச்சும் வித்தா என்ன பண்றது. எடுக்கறதா இருந்தா குருக்கள் கிட்ட முன்னாடியே சொல்லி நாள் வாங்கிடுங்க, பதிவு எந்த நாள்னு டீட்ஸ் ஆபீஸ் முன்கூட்டி சொல்லாது. அப்புறம் கோயில் பக்கத்துல கூழ் ஊத்தறப்போ இலை பறிக்கிற சிரிங்கா மரம் (வேப்பமரம் மாதிரி இருக்குமே) இருந்தா, அது அரசாங்கத்தோட படரும் அந்நிய மரப் பட்டியல்ல இருக்கு, வாங்கறவருக்கு கையெழுத்துக்கு முன்னாடியே எழுத்துல சொல்லணும்.