மக்கள் கருத்துக் கணக்கெடுப்பு என்றால் என்ன? அதனால் ஊர் வசதி எப்படி மேம்படும்?

குடிநீர், குப்பை, தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் எப்படி இருக்கிறது என்று குடியிருப்பவர்களிடமே கேட்டு, பதில்களைத் தொகுத்துப் பார்ப்பதுதான் இது.

புகார் மனுக்கள் போதாதா? போதாது. நேரமும் துணிச்சலும் உள்ளவர்தான் மனு கொடுப்பார். ‘சொல்லி என்னத்துக்கு’ என்று இருந்துவிடுபவர் பலர். தவிர, தாமிரபரணித் தண்ணீர் தொட்டிக்கு ஏறியது பதிவேட்டில் இருக்கும். தெருக் குழாயில் எத்தனை மணிக்கு வருகிறது, வேலைக்குப் போகிறவர் பிடிக்க முடிகிறதா என்பது வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

நம்ம ஊர் கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். சொதியில் உப்பு குறைந்தால், நல்ல தவசிப்பிள்ளை (சமையல்காரர்) முதல் பந்தியின் இலைகளைப் பார்த்து, கேட்டு, அடுத்த பந்திக்குள் சரிசெய்துவிடுவார். முன்வரிசைச் சொந்தக்காரரிடம் மட்டும் கேட்டால் ‘பிரமாதம்’ என்றுதான் வரும்! அதனால்தான் நெல்லை மாநகராட்சி என்றால் 55 வார்டுகளிலும் கேட்க வேண்டும், வார்டு வாரியாகவே பிரித்துப் பார்க்கவும் வேண்டும். மொத்தச் சராசரி என்னைப் பொறுத்தவரை ஏமாற்று வேலை. பாளையங்கோட்டையின் திருப்தி மேலப்பாளையத்தின் குறையை மறைத்துவிடலாம்.

எது மக்களுக்கு மிக முக்கியமாக இருந்தும் அதில் திருப்தி குறைவாக இருக்கிறதோ, அங்கேதான் முதல் பணம் போக வேண்டும். அடுத்த வருடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் பலன் தெரியும். மத்திய அரசின் 2020 வாழ்வதற்கு எளிதான நகரங்கள் குறியீட்டில்கூட மக்கள் கருத்துக்கு 30 சதவீத மதிப்பு இருந்தது.

கணக்கெடுப்பில் சொல்லிவிட்டால் நம் வீட்டு முன் உடைந்த குழாய் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குத் தனியாகப் புகார்தான் கொடுக்க வேண்டும்.