பத்து இடத்தில் மண் எடுத்தால் போதுமா? பகாவ் தோட்டப்புறத்துக் கேள்விகள்

மலேசியாவின் பகாவ் பக்கத்தில், பழைய ரப்பர் தோட்ட நிலத்தில் மண் சோதனை செய்வது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஐயா, தோட்டத்துக் களை மருந்து வைத்திருந்த பழைய ஸ்டோர் பக்கத்தில் அரை ஏக்கர் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் காய்கறி போட நினைக்கிறோம். பத்து இடத்தில் மண் எடுத்தால் போதுமா? (ஆசிரியை)

எண்ணிக்கையை அப்புறம் பார்ப்போம் டீச்சர். ரப்பர் காலத்தில் களை கொல்ல சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். அதில் இருக்கும் விஷமான ஆர்சனிக் ஒரு தனிமம். மழையிலும் வெயிலிலும் சிதையாது. அதனால் அங்கே மருந்து கலக்கிய பெரியவர்களை முதலில் அழைத்துப் போங்கள். தொட்டி எங்கே இருந்தது, டின் கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று நடந்து காட்டட்டும். அந்த இடங்களை வரைபடத்தில் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மண் எடுக்கும் இடங்களைக் கணக்கிட்டுத் தரும் எந்த மென்பொருளுக்கும் இந்த விஷயம் தெரியாது.

எந்த மென்பொருள்? காசு கட்ட வேண்டுமா?

விஷுவல் சாம்பிள் பிளான். அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் உருவாக்கியது. இலவசம், விண்டோஸில் ஓடும். நிலத்தின் எல்லையை வரைந்து கொடுத்தால், மண் எடுக்க வேண்டிய புள்ளிகளைக் குறித்துத் தரும்.

அது கேட்கும் எண்களை எப்படி நிரப்புவது? நான் பாட்டுக்கு ஏதோ போட்டேன், 36 மண் மாதிரிகள் எடுக்கச் சொன்னது. (கல்லூரி மாணவர்)

தம்பி, அந்த எண்களில்தான் எல்லாமே இருக்கிறது. நிலம் கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கெட்ட நிலத்தை நல்லது என்று சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம், நல்லதைக் கெட்டது என்று சொல்வது 10 சதவீதம் என்று வைப்போம். நிலத்தின் சராசரியைப் பாதுகாப்பு எல்லையோடு ஒப்பிடும் வழக்கமான முறையில், மண்ணின் திட்ட விலக்கமும் (இடத்துக்கு இடம் அளவு எவ்வளவு மாறுகிறது என்பது), சராசரிக்கும் எல்லைக்கும் இடையே நீங்கள் பிரித்தறிய விரும்பும் வித்தியாசமும் சமமாக இருந்தால் 10 மாதிரிகள் போதும். அந்த வித்தியாசத்தைப் பாதியாக்கினால் 36. திட்ட விலக்கத்தை ஊகித்துப் போடாதீர்கள். முதலில் சில மாதிரிகளைச் சோதித்து, அதிலிருந்து எடுங்கள். பிள்ளைகள் சாப்பிடப்போகும் கீரை என்பதால் 5 சதவீதத்தை நான் தளர்த்தவே மாட்டேன்.

மருந்தை ஒரே மூலையில் கொட்டியிருந்தால்?

சராசரியில் அது மறைந்துபோகும். அதற்குக் கட்டம் போட்டுத் தேட வேண்டும். மருந்து கொட்டிய 5 மீட்டர் ஆரமுள்ள வட்டமான கறையை 95 சதவீத வாய்ப்போடு பிடிக்க, சதுரக் கட்டத்தில் புள்ளிகளுக்கு இடையே சுமார் 8.5 மீட்டர். அரை ஏக்கருக்கு ஏறக்குறைய 28 புள்ளி.

லேப் செலவு கட்டாது ஐயா. ஐந்து இடத்து மண்ணைக் கலந்து ஒன்றாக அனுப்பலாமா?

சராசரி மட்டும் வேண்டுமென்றால் தாராளமாக. கறையைத் தேடும்போது வேண்டாம் அக்கா. ஆர்சனிக் அளவு நான்கு இடத்தில் 5, ஓர் இடத்தில் 100 என்றால் கலவையில் 24தான் தெரியும்.

புள்ளி முள்புதருக்குள் விழுந்தால் தள்ளி எடுக்கலாமா?

முதலில் புதரை வெட்டிப் பாருங்கள். வேண்டாத டின்களை அங்கேதான் வீசியிருப்பார்கள். முடியவே இல்லையென்றால், எந்தப் பக்கம் எத்தனை மீட்டர் தள்ளலாம் என்று புறப்படும் முன்பே எழுதி வைத்து, அதன்படி மட்டும் தள்ளுங்கள்.