பழைய ஹப், சின்ன சைக்கிள்

கேள்வி: அப்பாவின் சைக்கிளில் இருந்த ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப்பை (பின்சக்கரத்தின் நடுவில், கியர்களை உள்ளே அடக்கிய பாகம்) என் மகளின் 20 அங்குல சைக்கிளில் பொருத்த ஆசை. முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். அது ஏ.டபிள்யூ. மாடல்தானா என்று பாருங்கள். மேல் உறையிலேயே பொறித்திருக்கும். 1930களில் வந்த ஹப் அது. சுத்தம் செய்து நாலு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் இன்றைக்கும் டிக் டிக் என்று ஓடும்.

முதலில் ஸ்போக் துளைகளை எண்ணுங்கள். ஹப்பில் பெரும்பாலும் 36 அல்லது 40 இருக்கும். ரிம்மிலும் அதே எண்ணிக்கை வேண்டும். ஸ்போக்கைப் புதிதாக அளந்து வாங்குங்கள். அச்சு சுழலாமல் பிடிக்கும் நாக்கு வாஷர்களை விட்டுவிடாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த ஹப்பில் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே எந்தக் கியரும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. கியர் கேபிள் சரியாக இல்லையென்றால் பெடல் சட்டென்று பிடிப்பில்லாமல் சுழலும். என் மகன் எழுந்து நின்று மிதித்தபோது அப்படி நழுவி, ஹேண்டில்பாரில் நெஞ்சு இடித்துக்கொண்டான். தப்பு என்னுடையது, கேபிள் தளர்ந்திருந்தது. இரண்டாவது கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் ஓட்டை வழியாகப் பாருங்கள்: உள்ளே உள்ள கம்பியின் முனை அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். வாரம் ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், மகளின் சைக்கிளில் பின்னால் மிதித்தால் நிற்கும் பிரேக் இருந்தால், இப்போதுள்ள ஹப்பைக் கழற்றும்போது அதுவும் போய்விடும். ஏ.டபிள்யூ.வில் பிரேக் கிடையாது. பின்சக்கரத்துக்குக் கை பிரேக் மாட்டி, அவள் விரல் எட்டுகிறதா என்று பார்த்த பிறகே ஓட்டக் கொடுங்கள்.